ஈயப் புகையும் முனைவர் பட்டமும்

சென்னை ரிச்சி தெருவில் கைப்பேசி பழுது பார்க்கும் கடைகளைக் கடந்து போனால் ஒரு வாசனை மூக்கில் ஏறும். சால்டரிங் அயர்ன் நுனியில் ஈயக்கம்பி உருகும்போது அதன் நடுவில் இருக்கும் ரோசின் கருகி எழுகிற புகை அது. ரோசின் பைன் மரத்துப் பிசின். அதனால் குங்கிலியப் புகைக்குத் தூரத்துச் சொந்தம் போல ஒரு மணம். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் மின்பொறியியலிலோ மின்னணுவியலிலோ பி.எச்.டி. செய்தவர்களுக்கு அந்த மணம் எந்த ஊரில் வந்தாலும் நினைவு நேரே ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகும். இன்றைய ஆய்வு மாணவர் பலருக்கு அப்படியொரு நினைவு இருக்கப்போவதில்லை. குளிரூட்டிய அறை, மேசைமேல் இரண்டு திரை, அதில் மேட்லாப். ஐந்து வருடமும் சட்டையில் புகை படாமலே பட்டம் வாங்கிவிடலாம். நுரையீரலுக்கு அது நல்லதுதான். ரோசின் புகையை நாள்தோறும் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். படிப்புக்கு நல்லதா என்று கேட்டால், இல்லை என்பது என் கட்சி. இந்தத் துறையில் ஆய்வுப் படிப்பின் உயிர்நாடி, தான் கட்டிய கருவி தன்னையே மறுத்துப் பேசுவதைக் கேட்டுப் பழகுவது. அந்தப் பழக்கம் வராமல் வாங்கிய பட்டம் சட்டப்படி செல்லும். பொறியாளர்கள் நடுவே அதற்குப் பெரிய மதிப்பு இருக்காது.

அந்தக் காலத்து ஆய்வு வாழ்க்கையில் பெரும்பகுதி காத்திருப்பு. வெளிநாட்டு ஆஸிலோஸ்கோப் ஒன்று வேண்டுமென்றால் அந்நியச் செலாவணி அனுமதி, இறக்குமதி உரிமம், சுங்கத் துறை என்று கோப்பு ஊர்வலம் போகும். 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் அந்தக் கதவு கொஞ்சம் தாராளமாகத் திறந்தது. ரிச்சி தெருவில் இல்லாத ஐ.சி.யைப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் தேடுவார்கள், அங்கும் இல்லையென்றால் பம்பாய் லேமிங்டன் ரோடு. எங்குமே இல்லையென்றால் கிடைத்த எஸ்.எல்.100 டிரான்சிஸ்டரை வைத்து சர்க்யூட்டையே மாற்றி வரைவார்கள். ஆய்விதழ்கள் கப்பலில் வந்து சேர மாதக்கணக்கு. நூலகத்தில் இல்லாத கட்டுரைக்கு அதை எழுதியவருக்கே ஓர் அஞ்சலட்டை போட்டுப் பிரதி கேட்கும் வழக்கம் இருந்தது. அதற்கென்றே அச்சடித்த அட்டைகளைத் துறைகள் கட்டுக்கட்டாக வைத்திருந்தன. முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன் பேராசிரியர் கையெழுத்திட்டு அனுப்பிய பிரதி வந்து சேர்ந்தால் அன்று ஆய்வுக்கூடத்தில் காபி உண்டு. இல்லாவிட்டால் டெல்லியில் இருந்த இன்ஸ்டாக் என்ற அறிவியல் ஆவண மையத்துக்குப் பணம் கட்டி நகல் வாங்க வேண்டும். வரைபடங்களை டிரேசிங் தாளில் ராட்ரிங் பேனாவால் போட்டு, எழுத்துகளை லெட்ராசெட் தாளிலிருந்து தேய்த்து ஒட்டினார்கள். தீசிஸ் அடித்துக் கொடுக்கும் தட்டச்சர் சமன்பாடு வரும் இடத்தில் வெற்றிடம் விட்டுக் கொடுப்பார். ஆல்ஃபாவையும் பீட்டாவையும் மாணவர் ஐந்து பிரதியிலும் கறுப்பு மையால் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். அதில் ஒரு பிரதி விமானத் தபாலில் வெளிநாட்டுத் தேர்வாளருக்குப் போகும், அவர் அறிக்கை வரும்வரை மறுபடி காத்திருப்பு. இதற்குள் ஊரில் கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிடும். பெயருக்குப் பின்னால் பி.எச்.டி. என்று போட்டு அதை அடைப்புக்குறிக்குள் அடைத்துவைக்கும் வழக்கம் அப்படி வந்ததுதான். பட்டம் இன்னும் வரவில்லை என்பதற்கு அந்த வளைவுகளே சாட்சி.

பொருள் கிடைக்காத அந்தத் தட்டுப்பாடு ஒரு வேலையைச் செய்தது. எதையும் கையால் செய்துகொள்ள வேண்டியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மரைத் தானே சுற்றுவது, பி.சி.பி.யை ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்டி எடுப்பது, பெட்டிக்கு அலுமினியத் தகடு வளைத்துத் தரச் சொல்லி ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கைத் தாஜா செய்வது எல்லாம் ஆய்வின் பகுதி. அப்படிக் கட்டியது முதல் தடவையில் ஓடாது. திரையில் 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். அது சர்க்யூட்டின் அலையா, சுவருக்குள் ஓடும் மின்கம்பியின் அலையா, இரண்டு இடத்தில் எர்த் கொடுத்ததால் சுற்றிக்கொண்டு வருவதா என்று பிரித்துச் சொல்லக் கற்றுக்கொள்வதே ஒரு பருவத்தின் படிப்பு. அளக்க வைக்கும் புரோபுக்கே பத்துப் பிக்கோஃபாரடு அளவில் மின்தேக்குத்திறன் உண்டு. அதை வைத்தவுடன் நின்றுபோகும் ஆஸிலேட்டர் உண்டு. வைத்தால் மட்டும் ஓடுகிற ஆஸிலேட்டரும் உண்டு. பவர் எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு இன்னொரு வாத்தியார் இருந்தார். ஐந்து சென்டிமீட்டர் கம்பிக்குச் சுமார் 50 நானோஹென்றி தூண்டல் இருக்கும். அதில் ஓடும் 100 ஆம்பியரை 100 நானோசெகண்டில் நிறுத்தினால் எங்கிருந்தோ 50 வோல்ட் கூடுதலாக எகிறும். வரைபடத்தில் அந்தக் கம்பி வெறும் கோடு, கோட்டுக்கு நீளம் கிடையாது. வெடித்துப்போன மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டருக்குத்தான் அதன் நீளம் தெரியும். நம்முடைய அளவீடு எப்போது பொய் சொல்கிறது என்பதை எந்தப் பாடநூலும் முழுதாகச் சொல்லித் தருவதில்லை. கருவிதான் சொல்லித் தரும், அதுவும் கட்டியவனுக்கு மட்டும்.

இதை ஏதோ ஏழை நாட்டு ஆறுதல் என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி பெரிய சாட்சி ஜப்பானில் இருக்கிறது. நீல ஒளி தரும் எல்.இ.டி.க்குக் காலியம் நைட்ரைடு என்ற படிகம் வேண்டும். 1970-களின் முடிவில் உலகம் அதை ஏறக்குறையக் கைவிட்டிருந்தது. நல்ல படிகம் வளரவில்லை, வளர்ந்ததில் பி-வகைக் குறைகடத்தி செய்ய முடியவில்லை. நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகி அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். 1982-இல் அவரிடம் இறுதியாண்டு மாணவராகச் சேர்ந்த ஹிரோஷி அமானோ அங்கேயே ஆய்வு மாணவராகத் தொடர்ந்தார். படிகம் வளர்க்கும் உலையை விலைக்கு வாங்கும் வசதி அந்த ஆய்வுக்கூடத்துக்கு இல்லை. அவரும் உடன் இருந்த மாணவர்களும் சேர்ந்து கட்டியதுதான் உலை. நீலக்கல் தட்டின்மேல் 1,000 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் காலியம் நைட்ரைடைப் படியவிட வேண்டும். நீலக்கல்லின் அணுக்கட்டமைப்புக்கும் காலியம் நைட்ரைடின் கட்டமைப்புக்கும் ஏறக்குறைய 16 சதவிகிதம் பொருத்தமின்மை இருப்பதால் மேலே வளர்வது கரடுமுரடான சொரசொரப்பாகவே வரும். 1,500 தடவைக்கு மேல் முயன்று பார்த்ததாக அமானோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1985-இல் ஒருநாள் உலை சரியாகச் சூடேறவில்லை. வேறொருவராக இருந்தால் பழுது நீங்கட்டும் என்று வீட்டுக்குப் போயிருப்பார். அவர் அந்தக் குறைந்த சூட்டில் அலுமினியம் நைட்ரைடை மெல்லிய ஒரு படலமாக முதலில் பூசிப் பார்த்தார். பிறகு சூடேற்றி அதன்மேல் காலியம் நைட்ரைடை வளர்த்தார். உலையிலிருந்து எடுத்த தட்டு கண்ணாடி போல் தெளிவாக இருந்ததால், காலியத்தை அனுப்ப மறந்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தாராம். பொருத்தமில்லாத இரண்டு படிகங்களுக்கு நடுவே அந்த மெல்லிய படலம் மத்தியஸ்தம் செய்திருந்தது. இன்று நம் வீட்டுச் சுவரில் எரியும் வெள்ளை எல்.இ.டி. விளக்கின் வம்சாவளி அந்தத் தட்டில் தொடங்குகிறது.

இந்தக் கதையை அதிர்ஷ்டம் என்று சொல்லி முடிப்பவர்கள் உண்டு. உலை பழுதானது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பழுதை வைத்து என்ன செய்யலாம் என்று தெரிந்தது அதிர்ஷ்டமா? எந்தச் சூட்டில் எந்த வாயு எப்படி நடந்துகொள்ளும் என்பது உலையைக் கட்டியவருக்குக் கையில் இருந்தது. கம்பெனி உலையாக இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும், சர்வீஸ் பொறியாளருக்குத் தகவல் போயிருக்கும். இதே நீல ஒளியைத் தேடி வேறு பாதையில் வந்த ஷூஜி நகமுராவின் கதை இன்னும் வெளிப்படையானது. தொக்குஷிமா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியலில் முதுகலை முடித்து, 1979-இல் நிச்சியா என்ற சிறிய இரசாயனக் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். 1988-இல் ஓராண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே முனைவர் பட்டம் இல்லாததால் தன்னை ஒரு டெக்னீஷியனாகத்தான் பார்த்தார்கள் என்று பிற்காலத்தில் மனம்விட்டுச் சொன்னார். அந்த ஓராண்டில் பெரும்பகுதி உலை ஒன்றின் குழாய்களைப் பொருத்துவதிலேயே போனது. ஊர் திரும்பியதும் வாங்கிவந்த உலையைக் காலையில் பிரித்து வெட்டிப் பற்றவைத்து மாற்றுவார், பிற்பகலில் படிகம் வளர்த்துப் பார்ப்பார். இப்படி மாதக்கணக்கில் நடந்தது. 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி. வெளிவந்தது, முனைவர் பட்டம் அவருக்கு 1994-இல்தான் வந்தது. அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல். குழாய் பொருத்தும் வேலையைத்தான் ஃபுளோரிடாவில் ஆய்வுக்குக் கீழான வேலை என்று நினைத்திருந்தார்கள்.

வானொலி வானியல் இயற்பியல் துறையின் பெயரில் நடந்தாலும் அதன் கை வேலை முழுக்க மின்னணுவியல். கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற மாணவி தன் முனைவர் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைச் சுத்தியலும் கையுமாகக் கழித்தார். நாலரை ஏக்கர் நிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கம்பங்கள் நட்டு, இரண்டாயிரத்துக்கு மேல் டைபோல் கட்டி, மைல்கணக்கில் கம்பியும் கேபிளும் இழுக்க வேண்டியிருந்தது. 1967 ஜூலையில் ஆன்டெனா வேலை செய்யத் தொடங்கியதும் நாளுக்கு நூறடி நீளத்துக்கு வரைதாள் சுருள் சுருளாக வெளியே வந்தது. அதை வரி வரியாகப் பார்த்தவர், நானூறு அடித் தாளில் கால் அங்குல அகலத்தில் இருந்த ஒரு கிறுக்கலைக் கண்டு நின்றார். வானொலி மூலத்தின் மினுக்கலும் அது இல்லை, காரின் ஸ்பார்க் பிளக் எழுப்பும் இரைச்சலும் இல்லை. அந்தக் கிறுக்கலைத் தவறு என்று ஒதுக்காமல் இருக்க அவரால் முடிந்ததற்குக் காரணம், தன் கருவி என்னென்ன தவறு செய்யும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு கேபிளையும் ஒவ்வொரு இணைப்பையும் அறிந்தவர் இது நம்முடைய பிழை இல்லை என்று துணிந்து சொன்னார். சுமார் 1.34 வினாடிக்கு ஒருமுறை துடிக்கும் அதுதான் உலகம் கண்ட முதல் பல்சார். அவருடைய ஆய்வேட்டில் பல்சார் பிற்சேர்க்கையில்தான் இருக்கிறது. ஏட்டின் தலைப்பு வேறு. 1974-இல் நோபல் அவருடைய கைடுக்குப் போனது, மாணவிக்குப் போகவில்லை. அந்தக் கணக்கு இன்னும் பலருக்குத் தீராமல் இருக்கிறது. பல்சாருக்குச் சில ஆண்டுகள் முன் அமெரிக்காவில், பெருவெடிப்பின் மிச்ச வெப்பத்தை ஹோம்டெல் ஆன்டெனாவில் கேட்ட ஆர்னோ பென்சியாஸும் இப்படிப்பட்டவரே. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் ஆய்வுக்காக மேசர் பெருக்கி ஒன்றைக் கட்டியவர். வானத்தைப் பார்த்ததைவிடக் கருவி கட்டியது நன்றாக வந்தது என்று தானே எழுதியிருக்கிறார். பிற்பாடு ஆன்டெனாவில் ஓர் இரைச்சல் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தபோது, புறா எச்சம் வரை துடைத்துப் பார்த்துவிட்டு, குற்றம் தங்கள் கருவியில் இல்லை என்று அவரும் சக ஆய்வாளர் ராபர்ட் வில்சனும் சொல்ல முடிந்ததற்கு அந்தப் பழக்கம்தான் அடித்தளம்.

இதற்கெல்லாம் எதிராக முதலில் வரும் குரல், கிழவர்களின் ஏக்கம் என்பது. அதில் உண்மை உண்டு. கடந்த காலத்துக் காத்திருப்பு எல்லாம் கல்வி ஆகிவிடாது. உரிமம் வராமல் இரண்டு ஆண்டு சும்மா இருந்தவர் அந்த இரண்டு ஆண்டில் எதுவும் கற்றுவிடவில்லை. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவரைத் தன் வீட்டு மின்சாரக் கட்டணம் கட்ட அனுப்பிய கைடுகளும் இருந்தார்கள், ஆய்வுக்கூடத்துக்குச் சம்பளமில்லாத மெக்கானிக்காக வைத்துக்கொண்டு பட்டத்தைத் தள்ளிப்போட்டவர்களும் இருந்தார்கள். இரவில்தான் ஆய்வுக்கூடத்தில் மின் இரைச்சல் குறையும், நல்ல அளவீடு கிடைக்கும். விடுதிக் கதவு மாலையிலேயே பூட்டப்பட்ட பெண்களுக்கு அந்த இரவுகள் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தை முழுதாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது, நானும் கேட்கவில்லை. தட்டுப்பாட்டுக்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை. அமானோவின் ஆய்வுக்கூடத்தில் பணம் குறைவாக இருந்தது உண்மை, ஆனால் உலை இருந்தது. உலையே இல்லாத இடத்தில் 1,500 முயற்சிக்கு வழி ஏது? இழந்ததில் எது கல்வி, எது வெறும் தொல்லை என்று பிரிக்கத்தான் இத்தனை பேச்சும்.

சிமுலேஷன் இருக்கும்போது கம்பியைச் சுற்றுவானேன் என்பது இதைவிட வலுவான கேள்வி. சர்க்யூட் சிமுலேஷனின் மூதாதையான ஸ்பைஸ், பெர்க்லியில் லாரன்ஸ் நேகல் என்ற மாணவரின் முனைவர் வேலை. 1973-இல் முதல் வடிவமும் 1975-இல் அவருடைய ஆய்வேட்டோடு இரண்டாம் வடிவமும் வந்தன. டொனால்ட் பெடர்சன் என்ற அவருடைய பேராசிரியர் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டதால் உலகம் முழுவதும் பரவியது. இன்றைய சில்லுகள் எதுவும் அது இல்லாமல் பிறந்திருக்காது. ஒரு மென்பொருளே மின்னணுவியலில் தலைசிறந்த முனைவர் ஆய்வாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். ஆனால் ஸ்பைஸைக் கட்டுவது வேறு, அதில் ஓட்டிப் பார்ப்பது வேறு. நேகலுக்கும் ஒரு பொருள் மறுத்துப் பேசியது: கணக்கு விடைக்கு வந்து சேராமல் அலைந்தது, நிஜ டிரான்சிஸ்டரின் நடத்தையைச் சமன்பாடு பிடிக்காமல் போனது. நம்மில் பலர் செய்வதோ வேறு. சூரிய மின்தகட்டிலிருந்து அதிகபட்சத் திறனைப் பிடிக்கும் எம்.பி.பி.டி. முறைகளைப் பற்றி மட்டும் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள்! ஓநாய், வௌவால், எறும்பு, தேனீ என்று காட்டில் உள்ள எல்லாவற்றின் பெயரிலும் ஒரு வழிமுறை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் மேல். மேட்லாபின் சிமுலிங்கில் மேகம் சொன்ன நேரத்துக்கு வரும், சொன்ன நேரத்துக்குப் போகும். தகட்டில் தூசி படியாது, கெப்பாசிட்டர் காயாது, சென்சாரில் இரைச்சல் வராது. நாம் போட்டதை நமக்கே திருப்பித் தரும் ஒன்றிடம் கேள்வி கேட்டு, அது தலையாட்டியதை முடிவு என்று எழுதுகிறோம். கம்பியின் 50 நானோஹென்றியை நாம் போடாவிட்டால் சிமுலேஷனில் எந்த மாஸ்ஃபெட்டும் வெடிக்காது. போட வேண்டும் என்று தெரிய, ஒன்றாவது வெடித்திருக்க வேண்டும்.

கோட்பாட்டுக்காரர்களுக்கு இது பொருந்தாது, தகவலியலுக்கு ஈயம் எதற்கு என்பார்கள். அந்தத் துறையின் பிதாமகர் கிளாட் ஷானன் 1936-இல் எம்.ஐ.டி.க்கு வந்தது வானிவர் புஷ்ஷின் டிஃபெரன்ஷியல் அனலைசர் என்ற பெரிய இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளராக. பற்சக்கரமும் தண்டும் நிறைந்த அந்த இயந்திரத்தை நூறு ரிலேக்கள் அளவில் ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று இயக்கியது. அந்த ரிலேக்களோடு மல்லுக்கட்டியதில்தான், திறப்பதும் மூடுவதும் பூலியன் தர்க்கத்தின் ஆம்-இல்லை என்ற எண்ணம் பிறந்தது. 1937-இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வேடு அது. 1940-இல் அவர் முனைவர் பட்டம் வாங்கியது மரபியலுக்கான இயற்கணிதம் பற்றி எழுதி. எது உலகத்தை மாற்றியது என்று சொல்லத் தேவையில்லை.

நாலைந்து நானோமீட்டர் சில்லை யார் கையால் செய்ய முடியும் என்ற கேள்விக்குத்தான் விடை சுவையானது. முடியாது; செய்யவும் வேண்டாம். 1978-இல் லின் கான்வே எம்.ஐ.டி.யில் சில்லு வடிவமைப்பு வகுப்பு எடுத்தபோது மாணவர்களின் வடிவங்களை எல்லாம் ஒரே சிலிக்கன் தட்டில் அடுக்கித் தொழிற்சாலைக்கு அனுப்பினார். வகுப்பு முடிந்த சில வாரங்களில் அவரவர் சில்லு அவரவர் கைக்கு வந்தது. பலதும் ஓடின, சிலது ஓடவில்லை. ஓடாத சில்லை எதிரே வைத்துக்கொண்டு ஏன் ஓடவில்லை என்று தேடுவதும் அந்தப் படிப்பின் பகுதி ஆனது. இந்த ஏற்பாடு 1981 முதல் மோசிஸ் என்ற பெயரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வாடிக்கையாகக் கிடைத்தது. நமக்கு மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இருந்தும், 1989-இல் அது எரிந்துபோன பிறகு நெடுங்காலம் மாணவர் வடிவம் சிலிக்கனாக மாறுவது அரிதாகவே இருந்தது. 2022-இல் தொடங்கிய சிப்ஸ் டு ஸ்டார்ட்டப் திட்டத்தில் கல்லூரி மாணவர்களின் வடிவங்கள் அதே மொகாலியில் 180 நானோமீட்டர் அளவில் செய்யப்பட்டுத் திரும்பி வருகின்றன. உலகச் சந்தையின் கண்ணில் அது பழைய அளவு. ஆய்வு மாணவருக்கு அளவு முக்கியமில்லை, திரும்பி வருவதே முக்கியம். தன் பெயர் போட்ட சில்லு மேசைக்கு வந்து, சிமுலேஷன் சொன்ன அதிர்வெண்ணில் ஓட மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது, அவர் ஆய்வு தொடங்குகிறது. கையால் சால்டர் செய்தாரா இல்லையா என்பது இரண்டாம் பட்சம்.

கடைசியாக வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை இருக்கிறது, அதை யாரும் ஏளனமாகப் பேசக் கூடாது. இப்போது இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய்; 2023-இல் உயர்த்தப்பட்டது. அதுவும் உதவித்தொகை கிடைத்தவர்களுக்குத்தான். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர்களுக்கு அதுகூட இல்லை. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு என்பது யு.ஜி.சி. விதி. கருவி கட்டுவது எப்போது முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, சிமுலேஷன் கட்டுரை அடுத்த மாதமே அச்சாகும். கட்டுரை எண்ணிக்கையைக் கேட்கும் வேலை விளம்பரம் கருவியைக் கேட்பதில்லை. இந்தக் கணக்கில் மாணவர் குறுக்கு வழி போவதற்கு மாணவரைக் குறை சொல்வது அநியாயம். ஆனால் ஒரு சங்கதி பலர் கவனத்துக்கு வரவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022-ஆம் ஆண்டு விதிகளில் எடுத்துவிட்டது. தரம் கெட்டுவிடும் என்று அப்போது பலர் வருந்தினார்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்கு அந்தக் கட்டாயம்தான் வியாபாரம் கொடுத்தது என்பதை மறந்துவிட்டார்கள். கட்டாயம் போன இடம் காலியாக இருக்கிறது. அங்கே எதை வைப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களிடம்தான் உள்ளது. சில பழைய எண்ணிக்கையையே தங்கள் சொந்த விதியாக வைத்துக்கொண்டன என்பது வருத்தமான செய்தி.

அந்த இடத்தில் அளவீட்டை வையுங்கள் என்பதே பல்கலைக்கழகங்களிடம் என் வேண்டுகோள். மின்பொறியியல், மின்னணுவியல் ஆய்வேடு ஒவ்வொன்றிலும் சோதனைக் கருவியைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கட்டும். எது எதிர்பார்த்தபடி வரவில்லை, அது கருவியின் குற்றமா கருத்தின் குற்றமா என்று எப்படிப் பிரித்தார், எத்தனை சதவிகிதப் பிழைக்குள் தன் எண்ணை நம்புகிறார் என்பதை மாணவர் அதில் எழுதட்டும். மென்பொருளும் கணிதமும் செய்பவர்கள் தங்கள் முறை எங்கே உடைகிறது என்று எழுதலாம். டாக்டரல் கமிட்டிக் கூட்டத்தில் எத்தனை பேப்பர் என்று கேட்கும் முன் ஆய்வுக்கூடத்துக்கு ஒருமுறை நடந்து போய்ப் பார்க்கலாம். மெக்கானிக்கும் டெக்னீஷியனும் ஓய்வுபெற்றுப் போன இடங்களை நிரப்புங்கள். ஒரு நல்ல மெக்கானிக் எத்தனையோ முனைவர்களை உருவாக்குவார். இரவு ஆய்வுக்கூடம் எல்லாருக்கும் திறந்திருக்கட்டும், பெண்கள் பத்திரமாக வந்துபோக வழி செய்து. வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளர்களே, அடுத்த முறை மாணவர் நாற்பதாவது ஸ்லைடில் தன் முறை முந்தையதைவிட 2 சதவிகிதம் மேல் என்று காட்டும்போது, அந்த எண்ணை எந்தக் கருவியில் அளந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.